சப்பான் கட்டி

புஜைரா
20.8.2006

ஜோதிமணிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. என் அறையில் கீழ்க்கட்டிலில் படுக்கிற சோலையப்பன் லீவில் ஊருக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே ஒரு அட்டைப்பெட்டியும். தூக்கிப் பார்த்துவிட்டு வெறும் பெட்டி என்று நினைத்துவிடாதே. அவனும் அப்படித்தான் நினைத்தான். உள்ளே நூறு பேர் சாப்பாடு இருக்கிறது.

கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, குடிதண்ணீர் கொண்டுபோய் ஏற்றுகிற வேலை எங்கள் கம்பெனிக்கு. போன மாதம் ஒரு ஜப்பான் கப்பல் கேட்டிருந்த சாமான் வந்து சேருவதற்குள் கப்பல் கிளம்பிப் போய்விட்டது. இருபது முப்பது பெட்டி, எல்லாவற்றிலும் ஜப்பான் எழுத்து. வேறு கப்பல்காரன் எவனும் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அப்புறப்படுத்து என்று மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எங்கள் ஸ்டோர்கீப்பர் அகமது கபீர், காயல்பட்டினத்துக்காரர், இருபத்திரண்டு வருடமாக வளைகுடாவில் இருக்கிறவர், என்னைக் கூப்பிட்டார். "திங்கிற பொருளைக் குப்பையில போட மனசு வரல தம்பி. இன்னும் பத்து மாசம் தேதி கெடக்கு. உங்க ரூமுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டி. நெட்டி மாதிரி எடையே கிடையாது. கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்று. அரை நிமிடம் பொறு. கீரை விரிந்து பச்சையாக மேலே வரும். முட்டை பூப்பூவாகப் பிரியும். ஒன்றில் கத்தரிக்காய்த் துண்டுகூட இருக்கிறது, வதக்கிய வாசனையோடு. சமைத்த குழம்பை உறையவைத்து, காற்றில்லாத அறையில் அந்த ஐஸைத் தண்ணீராக ஆகவிடாமலே ஆவியாக்கி எடுத்துவிடுகிறார்களாம். தண்ணீர் மட்டும் போகிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. எழுத்துப் படிக்கத் தெரிந்த பிலிப்பைன்ஸ் சமையல்காரன் ஒருவன் சொன்னான். பன்றி சேர்ந்ததை கபீர் பாயும் மாடு சேர்ந்ததை நானும் முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். உனக்கு அனுப்பியதில் கீரை, முட்டை, மீன்சாறு, கஞ்சி மட்டும்தான். ஆமாம், கஞ்சி. ஜப்பான்காரனும் கஞ்சி குடிக்கிறான்.

இங்கே கேம்ப் சாப்பாட்டைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. காலை நாலு மணிக்கே மத்தியானச் சோற்றையும் டப்பாவில் அடைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்த வெயிலில் யார்டில் கிடந்து பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் நூல் நூலாக இழுக்கும். அறையில் அடுப்பு வைக்கக்கூடாது என்பது சட்டம். கெட்டில் மட்டும் வைக்கலாம். இப்போது கெட்டில் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

உன்னிடமிருந்து நாலு மாதமாகக் கடிதம் இல்லை. போன் போட்டால் அண்ணன்தான் எடுக்கிறார், நீ வேலையாக இருப்பதாகச் சொல்கிறார். நம் பானு எப்படிப் படிக்கிறாள்? ஒருநாளாவது நீ அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்து சாப்பிடு. அதற்காகத்தான் இந்தப் பெட்டி.

கார்மேகம்


மேலப்பொட்டல்
6.9.2006

மச்சானுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் போன் செய்தது எதுவும் எனக்குத் தெரியாது. போனை உங்கள் அண்ணன் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு ஆறு மாதமாகிறது. கடிதமும் இரண்டு பக்கமும் அவர் கையோடு நின்றுவிடுகிறது. இனிமேல் கடிதத்தை வீட்டு முகவரிக்குப் போடாதீர்கள். பஜாரில் தையல்கடை வைத்திருக்கும் அஸ்மத் பீவி பெயருக்குப் போடுங்கள்.

பெட்டி வந்தது. உங்கள் அண்ணி பூவாயி அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, "பாம்புக் கறியக் காயவச்சு அனுப்பியிருக்காக போல" என்று சொல்லி மாட்டுக்கொட்டகைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். நான் எடுத்துவைத்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நான், பள்ளிக்கூடம் விட்டு வந்த பானு. மூன்று கட்டி எடுத்து வெந்நீர் ஊற்றினேன்.

உள்ளதைச் சொல்கிறேன். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில், நான் ஆக்காத ஒன்று என் முன்னால் சூடாக இருந்தது அன்றைக்குத்தான். பதினோரு பேருக்கு ஆக்கி இறக்கிப் பரிமாறி முடிக்கும்போது எனக்கு என்று இருப்பது ஆறிப்போனது, அடிப்பிடித்தது. எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவன் உட்கார்ந்து, தனியாகச் சாப்பிடுகிற ஒருத்திக்கு என்ன வேண்டும் என்று யோசித்திருக்கிறான். ஒரு கட்டி, ஒரு ஆள், அரை நிமிடம். ருசி நம் ருசி இல்லை. காரம் கிடையாது, மீன் வாசனை முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் கீரை கீரையாகவே இருந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

பானு இரண்டு கிண்ணம் குடித்தாள். பிறகு, "இன்னைக்கு வெள்ளிக்கெழம, நாளைக்கு லீவு. அதான் குடிக்கிறேன்" என்றாள். என்னடி கணக்கு என்று கேட்டேன். பள்ளிக்கூடம் உள்ள நாளில் காலையிலிருந்து சாயங்காலம்வரை அவள் தண்ணீர் குடிப்பதில்லையாம். அவள் மட்டும் இல்லை, ஆறாம் வகுப்புக்கு மேலே உள்ள எந்தப் பெண்பிள்ளையும் குடிப்பதில்லை. ஒதுங்க இடம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று வந்த கழிப்பறை எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் அண்ணன் தோட்டத்தில், மோட்டார் அறைக்குப் பின்னால். அவர்தானே ஊர்ப் பிரசிடெண்ட்.

இந்தத் தடவை நம் ஊரைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். புரட்டாசியில் தேர்தல். பூவாயி அக்காவை நிறுத்தி, போட்டியில்லாமல் ஜெயிக்கவைத்து, உங்கள் அண்ணனே நாற்காலியில் உட்காருவது என்று முடிவாகிவிட்டது. அக்காவை யாரும் கேட்கவில்லை.

நான் நிற்கப்போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. அடுத்தவர் சொல்லி உங்களுக்குத் தெரியக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஜோதிமணி


புஜைரா
17.9.2006

ஜோதிமணி,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அண்ணன் கேம்ப் ஆபீசுக்குப் போன் பண்ணிவிட்டார். நாற்பது பேர் நிற்கிற இடத்தில் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க, அவர் அந்தப் பக்கம் கத்தினார். "ஒம் பொண்டாட்டிய நீ அடக்குறியா, நான் அடக்கட்டுமா?" பக்கத்தில் நிற்பவனுக்கெல்லாம் கேட்டது.

என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்? என் அப்பா செத்த பிறகு என்னைப் படிக்கவைத்தது அவர். விசாவுக்கு நிலத்தை அடகு வைத்தது அவர். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒருத்திக்கு எதிராக ஒருத்தி ஓட்டுக் கேட்பது ஊர் சிரிக்கிற காரியம். கழிப்பறை விஷயம் தப்புத்தான். ஊருக்கு வரும்போது நானே அவரிடம் பேசுகிறேன். இந்த முடிவை நீ வாபஸ் வாங்கிவிடு. இதை நான் இரண்டு தடவை எழுத மாட்டேன்.

இங்கேயும் நிலைமை சரியில்லை. பயப்படாதே என்றுதான் சொல்ல வருகிறேன். பத்து நாளைக்கு முன்னால் எங்கள் அறையில் நாலு பேருக்கு வாந்தி பேதி. அதில் ஒருவன் லாஞ்சில் மயங்கி விழுந்து கடலில் போகப் பார்த்தான். நாங்கள் போய், கேம்ப்பைக் கவனிக்கிற மேலாளை, கேம்ப் பாஸைக் கேட்டோம். சோற்றை மத்தியானம் சூடாக வேனில் அனுப்பு, இல்லையென்றால் அடுப்பு வைக்கவிடு என்றோம். "மாஃபி, கிடையாது. பிடித்தால் தின்னு, பிடிக்கலைன்னா பட்டினி கிட" என்று இந்தியில் சொன்னான். நான்தான் பேசினேன். சரி, எங்களுக்கு டப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எங்கள் அறை எட்டுப் பேரும் டப்பாவை வாங்கவில்லை. வரிசையில் நின்றோம், முறை வந்ததும் வெறும் கையோடு நகர்ந்தோம். வேலையை நிறுத்தவில்லை. ஒரு நிமிடம்கூட லேட் இல்லை. வேலையை நிறுத்தினால் ஸ்ட்ரைக் என்று சொல்லிப் பிடித்து அனுப்பிவிடுவான். சோற்றை வாங்காதவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பான்? பன்னிரண்டு மணிக்கு ஷெட்டில் கெட்டிலைப் போட்டு, ஆளுக்கு ஒரு கஞ்சிக் கட்டி, ஒரு கீரைக் கட்டி, தொட்டுக்கொள்ள குபூஸ் ரொட்டி, ஒரு வாழைப்பழம். யார்ட் பூராவும் அந்த வாசனை. இன்றைக்கு எட்டாவது நாள். பக்கத்து அறைக்காரர்கள் ஆறு பேர் நேற்று டப்பாவை வாங்கவில்லை.

சில பேர், "கார்மேகம், பேசாமல் இரு, உனக்குப் பிள்ளை இருக்கிறது" என்கிறார்கள். பிள்ளை இருக்கிறவன் கெட்ட சோறு தின்ன வேண்டுமா?

நீ வாபஸ் வாங்கு.

கார்மேகம்


மேலப்பொட்டல்
28.9.2006

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அஸ்மத் பீவிக்கும் படித்துக் காட்டினேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஏம்மா, ஒரே ஆளுதான் ரெண்டு பக்கத்தையும் எழுதினாரா?"

முன்பக்கத்தில் என்னை அடங்கிப்போகச் சொல்கிறீர்கள். பின்பக்கத்தில் நீங்கள் அடங்க மாட்டேன் என்கிறீர்கள். கெட்ட சோற்றைத் தின்ன மாட்டேன் என்று உங்களால் சொல்ல முடியும், கெட்ட பள்ளிக்கூடத்துக்கு என் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியாதா? உங்களைப் படிக்கவைத்த கடனை நான் பதின்மூன்று வருடம் அந்த அடுப்படியில் கழித்துவிட்டேன். இனி என் தலையில் அது இல்லை.

மனு போட்டாகிவிட்டது. பூட்டு சாவிச் சின்னம் கேட்டிருக்கிறேன். வாபஸ் வாங்க நாளைதான் கடைசி. நான் நாளை முழுக்க பீவி கடையில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன். தேடுகிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

மனு போட்ட அன்றைக்கு அடுப்படிக்குள் கால் வைக்காதே என்றுவிட்டார் உங்கள் அண்ணன். எத்தனையோ நாள் நான் சாமியிடம் கேட்ட வரம், இப்படியா கிடைக்க வேண்டும். பிறகு பானுவின் தட்டையும் எடுத்து வைத்துவிட்டார்கள். அது பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே அவளையும் உங்கள் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பீவி கடை மாடிக்கு வந்துவிட்டேன். தகரக் கூரை, ஒரு பாய், ஒரு விளக்கு. அவருக்கு இப்போது நோன்பு. தான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்துகொண்டு, மத்தியானம் பானு வரும்போது வெந்நீரைக் கொதிக்கவைத்துத் தயாராக வைத்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு நான் ஓட்டுக் கேட்கப் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புகிறேன். அடுப்பு மூட்டிச் சமைக்க வேண்டும் என்று இருந்திருந்தால் இரண்டாம் நாளே தோற்றிருப்பேன்.

உங்கள் அண்ணன் ஆட்கள் புதிதாக ஒன்று கிளப்பிவிட்டார்கள். நான் சப்பான் கட்டி தின்று புத்தி பேதலித்துவிட்டேனாம், ஜெயித்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதைப் போட்டுக் கெடுத்துவிடுவேனாம். நேற்று பஜார் டீக்கடை வாசலில் நின்று எல்லோரையும் கூப்பிட்டேன். கண்ணாடி டம்ளரில் ஒரு கீரைக் கட்டியைப் போட்டு, கடைக்காரரையே வெந்நீர் ஊற்றச் சொன்னேன். நாற்பது பேர் இருக்கும். கீரை விரிந்ததும் கிழவிகள் கிட்டே வந்துவிட்டார்கள். அப்போது சொன்னேன். "சப்பான்காரன் அரை நிமிசத்துல கீரைக்கொழம்பு குடுக்குறான். நம்ம பிரசிடெண்டு மூணு வருசமா ஒரு கக்கூச பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர முடியல. யாருக்குப் புத்தி பேதலிச்சிருக்கு?" சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று. கிழவிகள் அந்த டம்ளரை ஒருவர் மாற்றி ஒருவர் ருசி பார்த்துக் காலி செய்துவிட்டார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். இனி எழுதுவதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது. உங்கள் டப்பாச் சண்டையை விட்டுவிடுங்கள். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? பிடித்து உள்ளே போட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்? இதை எழுதும்போது நீங்கள் என்னிடம் சொன்னதையே உங்களிடம் சொல்கிறேன் என்று தெரிகிறது. தெரிந்தும் எழுதுகிறேன்.

ஜோதிமணி


புஜைரா
8.10.2006

அன்புள்ள ஜோதிமணி,

இதைப் பக்கத்து அறை கௌஸ் முகைதீன் கையில் கொடுக்கிறேன். நாளை திருச்சி விமானத்தில் வருகிறார். ஓட்டுப்பதிவுக்கு முன்னால் உன் கையில் இது சேர்ந்துவிட வேண்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் எட்டுப் பேர் முப்பது பேராகிவிட்டார்கள். ரம்ஜான் தொடங்கிய பிறகு பகலில் வெளியே வைத்துச் சாப்பிடக்கூடாது, ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். கபீர் பாய் நோன்பு திறக்க ஒரு முட்டைக் கட்டி எடுத்துக்கொள்வார். போன திங்கட்கிழமை நாங்கள் டூட்டியில் இருக்கும்போது கேம்ப் பாஸ் அறைக்குள் புகுந்து மிச்சமிருந்த பெட்டிகளை அள்ளிக்கொண்டு யார்டுக்கே வந்துவிட்டான். கம்பெனி சரக்கை நான் திருடிவிட்டதாகவும் போலீசைக் கூப்பிடப் போவதாகவும் சொன்னான். திருட்டு என்றால் இங்கே என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். முப்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும்தான்.

கபீர் பாயை நான் கூப்பிடவில்லை. அவருக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை பார்த்தால் மொத்தப் பணத்தோடு ஊர் திரும்பலாம். அவர் பெயர் வெளியே வரக்கூடாது என்று நினைத்தேன். அவரே ஸ்டோரிலிருந்து கழிவுச் சரக்கு எழுதுகிற ரிஜிஸ்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். வாய் உலர்ந்து, வெயிலில், நோன்போடு. மேனேஜர் கையெழுத்தைக் காட்டி, "பையன் திருடல. நான் குடுத்தேன். என் மேல கேஸ் போடு" என்றார். கேம்ப் பாஸ் ரிஜிஸ்டரைப் பிடுங்கப் பார்த்தான். இவர் விடவில்லை. அந்த இழுபறியில் அரபி முதலாளியின் வண்டி உள்ளே வந்துவிட்டது.

முதலாளியை நான் நாலு வருடத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். என்ன சத்தம் என்று கேட்டார். கபீர் பாய் அரபியில் சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பி, கட்டி ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்ப்பது மாதிரி பார்த்து, "இதைத் தின்றா மூணு வாரம் மூட்டை தூக்கினாய்?" என்று இந்தியில் கேட்டார். கெட்டிலில் வெந்நீர் இருந்தது. அந்தக் கட்டியையே வாங்கிக் கிண்ணத்தில் போட்டு ஊற்றினேன். காலை நாலு மணி டப்பா ஒன்று வாங்குவாரில்லாமல் கிடந்தது. அதையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். மணி அப்போது இரண்டு. நோன்பாளி அவர், ருசி பார்க்க முடியாது. குனிந்து இரண்டையும் முகர்ந்தார். டப்பாவை முகர்ந்ததும் தலைத்துணியால் மூக்கை மூடிக்கொண்டார். "கலாஸ்", முடிந்தது என்றார். அவ்வளவுதான்.

நோன்பு முடிந்ததும் மத்தியானச் சோறு வேனில் சூடாக வரும் என்று நேற்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதுவரைக்கும் எங்கள் பெட்டிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நேற்றுச் சாயங்காலம்தான் உன் கடிதம் கிடைத்தது. ஜோதிமணி, கபீர் பாய் வெயிலில் நடந்து வந்ததைப் பார்த்த கண்ணோடு அதைப் படித்தேன். அவருக்கும் எனக்கும் என்ன உறவு? எனக்காக இத்தனை வருட வேலையைப் பணயம் வைத்தார். நான் பெற்ற பிள்ளைக்காக நீ நிற்கிறாய், உன்னை நான் வாபஸ் வாங்கச் சொன்னேன். முன்பக்கம், பின்பக்கம் என்று எழுதியிருந்தாய். வெட்கமாக இருக்கிறது. அந்த முன்பக்கத்தை நான் எழுதவில்லை என்று சொல்ல முடியாது. எழுதினேன். அது தப்பு.

இத்துடன் தனித்தாளில் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். பஜாரில் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்: "பிரசிடெண்ட் வீரபாண்டி தம்பி கார்மேகம் எழுதுவது. என் ஓட்டு ஊரில் இருந்திருந்தால் பூட்டு சாவிக்குத்தான். என் அண்ணனிடம் எனக்கு நன்றி உண்டு. பள்ளிக்கூடத்துக் கழிப்பறையை அவர் தோட்டத்தில் கட்டியதற்கு அந்த நன்றி பதிலாகாது."

அண்ணனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

டப்பாச் சண்டையை விடச் சொன்னாய். விடவில்லை, மன்னித்துக்கொள். நீயும் விடாதே.

கார்மேகம்


மேலப்பொட்டல்
4.11.2006

மச்சானுக்கு,

தோற்றுவிட்டேன். பதினாலு ஓட்டு வித்தியாசம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம்.

உங்கள் தாளை அஸ்மத் பீவியே பஜாரில் நின்று படித்தார். தையல்காரி குரல் இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரியே உங்கள் அண்ணன் வீடு வீடாகப் போனார். என்ன சொன்னார், என்ன கொடுத்தார் என்று எனக்குத் தெரியும், எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. அதையும் மீறி முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் எனக்குப் போட்டிருக்கிறார்கள். ஐந்து வருடமாக யாரும் வாய் திறக்காத ஊரில்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் மத்தியானம் பூவாயி அக்கா மாடிப்படி ஏறி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று எழுந்து நின்றேன். முகம் வீங்கிப் போயிருந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ச்சலோடு நாலு நாளாக, ஓட்டு வேலைக்கு வந்த எழுபது பேருக்கு ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தாராம். வேட்பாளர் யார் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே பாயில் உட்கார்ந்தார். "போஸ்டர்ல எம் படம் இருக்கு ஜோதி. எனக்கு இன்னும் யாரும் ஒரு வாய் தண்ணி தரல."

நான் ஒரு கஞ்சிக் கட்டியைப் போட்டு ஊற்றிக் கொடுத்தேன். பாம்புக் கறி என்று சொன்னவர், கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் முடித்துவிட்டு, "இம்புட்டுத்தானா? இதுக்கு வேறெதும் செய்ய வேணாமா?" என்று கேட்டார். வேறெதும் வேண்டாம் அக்கா என்றேன். பழக்கத்தில் கிண்ணத்தைக் கழுவ எழுந்தார். நான் வருவதற்கு முன்பிருந்தே, இருபத்தைந்து வருடமாக அந்த அடுப்படியில் இருக்கிறவர் அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அவரை உங்கள் அண்ணனின் பாதியாகவே பார்த்துப் பழகிவிட்டேன். படி இறங்கும்போது சொன்னார். "என் ஓட்ட ஒனக்குத்தான் போடப்போறேன். சொல்லிராத."

போட்டிருப்பார். ஜெயித்தவர் எனக்கு ஓட்டுப் போட்டார்.

முந்தாநாள் முதல் கூட்டம். நான் பார்வையாளராகப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். பிரசிடெண்ட் நாற்காலியில் உங்கள் அண்ணன் பழக்கம்போலப் போய் உட்கார்ந்துகொண்டார். அக்கா உள்ளே வந்தார். நின்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. கிளார்க் தீர்மானப் புத்தகத்தை உங்கள் அண்ணன் முன்னால் வைத்து, சீலைக் கொடுங்க என்று அவரிடமே கேட்டார். அப்போது அக்கா, "சீலு எங்கிட்ட இருக்கு" என்றார். இடுப்பில் முடிந்து வைத்திருந்தார். உங்கள் அண்ணன் கையை நீட்டினார். அக்கா எடுக்கவில்லை. "நீங்க எந்திரிச்சா உக்காந்து குத்துவேன்" என்றார்.

உங்கள் அண்ணன் அவரை அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். எழுந்தார், துண்டை உதறினார், வெளியே போய்விட்டார். அக்கா உட்கார்ந்தார். சீல் தலைகீழாக விழுந்தது. கிளார்க் திருத்திக் கொடுத்தார். முதல் தீர்மானம், பள்ளிக்கூட வளாகத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை, தண்ணீரோடு. தண்ணீரோடு என்று எழுதச் சொன்னது அவர்தான்.

அக்கா இப்போது வீட்டில் என்ன பாடு படுகிறார் என்று தெரியவில்லை. நான் தினமும் ஒருதடவை அந்த வாசலில் போய் நின்று கூப்பிடுகிறேன், அவர் வெளியே வந்து முகம் காட்டும்வரை நகர்வதில்லை. எனக்கு பீவி கடையில் பாதி நாள் வேலை. பதினாலு ஓட்டில் தோற்றவள் என்று யாராவது சொன்னால் முன்னூற்றுப் பன்னிரண்டைச் சொல்கிறேன்.

உங்கள் வேலை என்ன ஆயிற்று? சுற்றிவளைக்காமல் எழுதுங்கள்.

ஜோதிமணி


புஜைரா
16.11.2006

அன்புள்ள ஜோதிமணி,

சுற்றிவளைக்கவில்லை. வேலை போய்விட்டது. விசா இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள்.

மத்தியான வேன் வருகிறது. பன்னிரண்டேகாலுக்கு ஆவி பறக்கிற சோறு, இருநூறு பேருக்கு. முதல் நாள் வரிசையில் நின்று வாங்கினேன். ருசி ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் சூடு. அந்தக் கட்டி மட்டும் கையில் இல்லாமல் போயிருந்தால் மூன்றாம் நாளே பசி தாங்காமல் அந்த டப்பாவைக் கை நீட்டி வாங்கியிருப்போம். சும்மா சொல்லக்கூடாது.

ஆபீசில் நேற்றுக் கூப்பிட்டார்கள். முதலாளி ஊரில் இல்லை. மேனேஜர் ஒரு தாளைத் தள்ளினார். அறையில் ஆட்களைத் தூண்டிவிட்டது தவறு, மன்னிப்புக் கேட்கிறேன் என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருடம். கபீர் பாய் படித்துச் சொல்லிவிட்டு, "போட்ருங்க தம்பி, ஒரு வரிதானே, யாரு பார்க்கப் போறா" என்றார். எனக்கு அவர் மேல் கோபமில்லை. அவரைத் தொட முடியாதபடி முதலாளியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அது போதும் எனக்கு.

பேனாவைக் கையில் எடுத்தேன். மறைக்கவில்லை. பானு படிப்பு, அடகில் உள்ள நிலம், எல்லாம் வந்து போயிற்று. பூவாயி அண்ணி சீலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது உன் கடிதத்தில் இருந்தது. பேனாவைத் தாளின் மேலேயே வைத்துவிட்டு, நான் எந்தத் தவறும் செய்யவில்லை சார் என்று தமிழில் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. புரிந்தது.

இருபத்தெட்டாம் தேதி திருச்சியில் இறங்குகிறேன். அண்ணன் வீட்டுக்குப் போகப்போவதில்லை. பீவி கடை மாடியில் மூன்று பேர் படுக்க இடம் இருக்குமா என்று அவரிடம் கேட்டு வை. அண்ணியைப் பார்க்க நீ போகும்போது நானும் வருகிறேன். அந்த வாசலில் நாம் இரண்டு பேராக நிற்கலாம்.

வளைகுடாவில் வேலை போய்த் திரும்புகிறவர்கள் பொழுது சாய்ந்த பிறகு ஊருக்குள் வருவார்கள், பார்த்திருப்பாய். நான் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாப்பில் இறங்கி, பஜார் வழியாக, டீக்கடையைத் தாண்டி, எல்லோரும் பார்க்க நடந்து வருவேன். நீ கீழே இறங்கி வர வேண்டாம். வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார், வந்துகொண்டிருப்பேன்.

கார்மேகம்